வேலியைப் பார்த்துவிட்டுத் தொட்டி வாங்குங்கள்: கிராமத்துக் கோடைக்குப் புதியவர்களுக்கு

சென்னையிலிருந்து நாங்குநேரிப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்குக் குடிவந்த வருஷம், மே மாதம் இரண்டாவது வாரத்தில் நர்சரிக்குப் போய்ப் பன்னிரண்டு செடிகள் வாங்கிவந்தேன். தக்காளி, செவ்வந்தி, ரோஜா, இரண்டு கத்தரி நாற்று. முற்றத்தில் வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்தார். "என்னய்யா, கத்திரி வெயில்ல போயி தக்காளி நாத்து வச்சிருக்க? வேலியில என்ன நிக்குன்னு மொதல்ல பாத்தியா?" என்றார். பத்து நாளில் ஒன்பது செடிகள் கருகிவிட்டன. அப்புறம்தான் வேலியைப் போய்ப் பார்த்தேன். ஆவாரை மஞ்சளாகப் பூத்து நின்றது. எருக்கின் மேல் கருவண்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பிரண்டை புதிதாகத் துளிர்விட்டிருந்தது. அவற்றுக்கு யாரும் ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

பிள்ளைகளின் லீவுக்கு ஊருக்கு வந்து இரண்டு மாதம் தங்குபவர்களுக்கும், நகரத்தைவிட்டுப் புதிதாக வந்து குடியேறியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தென்மாவட்டத்து வறண்ட சமவெளியில் நான் பார்த்துப் பழகியதுதான் இதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற சமவெளி ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மலைப்பகுதிக்குப் பொருந்தாது.

முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

முதல் ஏழு நாள் எதையும் வாங்காதீர்கள், நடாதீர்கள், வெட்டாதீர்கள். முக்கியமாக, "சுத்தம் செய்கிறேன்" என்று வீட்டைச் சுற்றியுள்ள செடிகொடிகளை ஆள்விட்டுச் செதுக்கிவிடாதீர்கள். எது களை, எது மூலிகை, எதில் குருவி கூடு வைத்திருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே எல்லாம் போய்விடும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் திரும்பிவிடுங்கள். கோடையில் உயிர்கள் நடமாடும் நேரம் அதுதான். எட்டரைக்கு மேல் பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மாலையில் ஐந்தரைக்கு மேல் இன்னொரு நடை. கையில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, தண்ணீர் பாட்டில், தலையில் ஒரு துண்டு, காலில் மூடிய செருப்பு. பைனாகுலர் வாங்க முடிந்தால் 8×42 அளவு போதும். இல்லாவிட்டாலும் குறையில்லை, வீட்டைச் சுற்றி வருகிறவை எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

நோட்டில் தேதி, நேரம், எந்த மரம், என்ன செய்தது என்று நான்கே விவரம் எழுதுங்கள். பெயர் தெரியவில்லையென்றால் பரவாயில்லை. "கறுப்புக் குருவி, வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது, மாட்டின் முதுகில் உட்கார்ந்து பூச்சி பிடித்தது" என்று எழுதினால் போதும். ஊரில் யாரிடமாவது படித்துக் காட்டினால் "இரட்டைவால் குருவி" என்று உடனே சொல்லிவிடுவார்கள். செடிக்கும் பூச்சிக்கும் போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால், தெரிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள்.

அந்த வாரத்திலேயே இன்னொரு வேலையும் செய்யுங்கள். மதியம் இரண்டு மணிக்கு வீட்டைச் சுற்றி நடந்து, எங்கெல்லாம் நிழல் விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். மாலை நாலு மணிக்கு மறுபடியும் போடுங்கள். தொட்டிகளை எங்கே வைப்பது என்பதை அந்தக் கோடுகள்தான் சொல்லும்.

வேலியில் நிற்பவற்றைப் பழகிக்கொள்ளுங்கள்

நூறு செடியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாறு செடிகளை நன்றாகத் தெரிந்துகொண்டால், கோடையின் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரிதான்.

முதலில் எருக்கு. எந்தத் தரிசிலும் நிற்கும். அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் போட்ட ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலில் உள்ள நஞ்சைப் புழு உண்டு தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால், பின்னால் பட்டாம்பூச்சியான பிறகும் பறவைகள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால்தான் அந்தப் பூச்சி அவசரமே இல்லாமல் மெதுவாகப் பறக்கும். எருக்கம்பூவைத் தேடி வரும் கருவண்டு உண்மையில் வண்டே இல்லை, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய தேனீ. எருக்குக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது பெரும்பாலும் இதுதான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் மிகவும் கெடுதல், அதனால் குழந்தைகள் இலையைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக்கட்டும்போது பார்த்திருப்பீர்கள், ஆனால் கோடையிலும் அது பூக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் சின்னத் துளை மட்டுமே உள்ள மகரந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், அந்த அதிர்வில் மகரந்தம் உதிரும். ஆவாரம்பூ அருகே காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக நின்றால், வண்டு பறக்கும்போது வரும் சத்தமும் பூவில் அமர்ந்ததும் எழும் கூர்மையான சத்தமும் வேறு வேறாகக் கேட்கும். எனக்குக் கோடையில் மிகவும் பிடித்த சத்தம் இது. ஆவாரை, கொன்றை இலைகளில்தான் வெளிர்மஞ்சள், வெளிர்பச்சை நிறத்தில் வேகமாகப் பறக்கும் சில பட்டாம்பூச்சிகள் முட்டையிடும்.

கொழிஞ்சி தரையோடு படர்ந்து, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த சின்னப் பூக்களோடு கிடக்கும். பார்வைக்குச் சாதாரணமான செடிதான், ஆனால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முண்டுகளில் சேர்க்கும் இனம். முன்பு நெல்வயலுக்குத் தழையுரமாக வண்டி வண்டியாக இதைத்தான் அறுத்துக் கொண்டுவந்து மிதிப்பார்கள். உங்கள் தொட்டிக்கும் இது உதவும், கீழே சொல்கிறேன்.

நெருஞ்சி காலையில் மஞ்சளாக விரிந்திருக்கும். அழகுதான், ஆனால் முள் காலைக் குத்தும். மூக்கிரட்டையில் குண்டூசித் தலை அளவு ஊதாப்பூ. கரிசல் காட்டுப் பக்கம் போனால் ஆடுதீண்டாப்பாளை தரையில் படர்ந்திருக்கும். ஆடு கடிக்காத அந்தச் செடியில்தான் ரோஜா அழகி பட்டாம்பூச்சி முட்டையிடும்.

மரங்களுக்கு நிமிர்ந்து பாருங்கள். வேம்பு பங்குனியிலேயே பூக்கத் தொடங்கிவிடும். மரத்தடியில் வேட்டியை விரித்து வைத்தால் காலைக்குள் பூ உதிர்ந்திருக்கும். நிழலில் உலர்த்தி எடுத்துவைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். புங்கம்பூ பொரி கொட்டியதுபோல் தரையை மூடும். சித்திரையில் சரக்கொன்றை இலை உதிர்த்துவிட்டுப் பூவாக நிற்கும். பழைய கோயில் பக்கம் இலுப்பை மரம் இருந்தால் இரவு எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பழந்தின்னி வௌவால்கள் அந்தப் பூவுக்கு வரும், காலையில் தரையெல்லாம் இனிப்பு வாசம் அடிக்கும்.

ஒரு செடியைத் தொடாமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: பார்த்தீனியம். கேரட் இலைபோல் இலை, மேலே சின்ன வெள்ளைப் பூக்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய களை. பலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் வரவைக்கும். பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சிகள் நிறைய வரும் என்று சிலர் ஆசையாக வளர்க்கிறார்கள். காட்டுக்குள் புகுந்து நாட்டுச் செடிகளை அழித்த இனம் அது. தயவுசெய்து தொட்டியில்கூட வேண்டாம்.

காட்டுச் செடி எதையும் வேரோடு பிடுங்கிவந்து தொட்டியில் வைக்காதீர்கள். கோடையில் பிழைக்காது. காய்ந்த காயிலிருந்து விதை எடுங்கள். ஆவாரை, கொன்றை விதைகளுக்குத் தோல் கெட்டி. கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரை மேலே ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு விதைத்தால் முளைக்கும்.

தண்ணீர்ச் சட்டி: முதல் நாளே வைக்கலாம்

வாரம் முழுக்கப் பார்க்க மட்டும் செய்யுங்கள் என்று சொன்னேனே, அதற்கு விலக்கு இது ஒன்றுதான். சந்தையில் அகலமான மண்சட்டி வாங்குங்கள். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு தட்டைக்கல்லும் ஓரத்தில் கொஞ்சம் கூழாங்கற்களும் போடுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீக்கள் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும்.

சட்டியை மரநிழலில் வையுங்கள், ஆனால் புதருக்கு ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கிப் பாயும். சுற்றிலும் ஆறேழு அடி வெட்டவெளி இருந்தால் பறவைக்குப் பூனை வருவது தெரியும். தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாறக் கோடையில் ஒரு வாரம் பத்து நாள் போதும். தினம் மாற்றினால் அந்தக் கவலை இல்லை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளுக்கும் இதே விதி.

வீட்டில் திறந்த சிமெண்ட் தொட்டி, பீப்பாய் இருந்தால் உள்ளே ஒரு மரக்கிளையைச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் குடிக்க வந்து உள்ளே விழும் அணில், ஓணான், குருவிக்குஞ்சு ஏறி வர அது ஒன்றுதான் வழி. எங்கள் வீட்டுத் தொட்டியில் ஒரு அணில் மூழ்கிச் செத்துக்கிடந்ததைப் பார்த்த பிறகு இதை நான் மறந்ததே இல்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் வராது. அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம் வரும், ஏழெட்டாகச் சத்தம் போட்டுக்கொண்டே. அவற்றைப் பார்த்து மைனா, கொண்டைக்குருவி, மதியத்தில் அணில். சட்டியின் ஈர ஓரத்தில் தேனீக்கள் வரிசையாக உட்காரும்.

இப்போது தொட்டி

மண்தொட்டியின் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் நிற்கும், ஆனால் வெயில் பட்டால் மண் சுடும். கறுப்பு பிளாஸ்டிக் கோடைக்கு ஆகவே ஆகாது. மேற்புறம் வெள்ளையாக இருக்கும் வளர்ப்புப்பை பரவாயில்லை. என் தேர்வு, பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத மண்தொட்டிகள், கொஞ்சமாக. பத்துச் சின்னத் தொட்டியைவிட நாலு பெரிய தொட்டி கோடையைத் தாங்கும். மண் அதிகமாக இருந்தால் ஈரமும் அதிக நேரம் நிற்கும். ஓட்டைக் குடம், பழைய பக்கெட், பெயிண்ட் டப்பா எல்லாம் ஆகும். அடியில் துளை மட்டும் அவசியம். பெயிண்ட் டப்பாவை நன்றாகச் சுரண்டிக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

துளையின் மேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்து மண் நிரப்புங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று தடவை பிழிந்து கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம், அது மக்கும்போது வரும் சூட்டில் வேர் வெந்துவிடும். தொழுவுரத்தைக் கிளறினால் கட்டைவிரல் கனத்தில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கலாம். அது காண்டாமிருக வண்டின் புழு. எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், காக்கா பார்த்துக்கொள்ளும்.

தென்மாவட்டத்தில் கோடைக்கென்றே கிடைக்கும் ஒன்று உண்டு: கரம்பை. குளம் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை அனுமதி வாங்கி வயலுக்கு அடிப்பார்கள். அப்படி அடிப்பவரிடம் நாலு சட்டி கேட்டு வாங்கித் தொட்டி மண்ணில் கொஞ்சம் கலந்தால் ஈரம் பிடித்துவைக்கும். எங்கள் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் குளத்து மரங்களிலும் ஊர்வீடுகளின் மரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். பறவை எச்சம் கரைந்த அந்தக் குளத்து வண்டலுக்கு வயல்காரர்களிடம் தனி மதிப்பு. அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. குளத்தில் தண்ணீர் இருக்கும் வருஷமாக இருந்தால் ஏப்ரலில் ஒருநாள் காலை அங்கே போய்வாருங்கள், குஞ்சுகளைப் பார்க்கலாம். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், அது போதும்.

தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சிமெண்ட் தளத்தின் சூடு ஏறாது, அடியில் பூரான், தேள் தங்காது, தண்ணீர் வடியும். ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாகும். சாக்பீஸ் கோடு நினைவிருக்கிறதா? காலை வெயில் படவேண்டும், இரண்டு மணி வெயில் படக்கூடாது. அப்படி ஒரு இடம் இல்லையென்றால் ஐம்பது சதவீத நிழல்வலையைத் தலைக்கு மேல் உயரமாகக் கட்டுங்கள்.

எங்கள் பக்கத்தில் வெயிலைவிடக் காற்றுதான் செடியைக் கொல்லும். வைகாசி கடைசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று திரும்பிவிட்டால், காலையில் நனைத்த தொட்டி மதியத்துக்குள் காய்ந்துவிடும். காற்றாலைகளை அந்தப் பக்கம் ஏன் வைத்தார்கள் என்பது புரியும். மேற்குப் பக்கம் ஒரு தென்னந்தட்டியைச் சாய்த்துக் கட்டுங்கள், அல்லது தொட்டிகளைக் கிழக்குச் சுவருக்கு மாற்றுங்கள்.

எதை நடலாம்

வேலி சொல்லும் பாடம் இதுதான்: வெயிலை விரும்பும் செடியை நடுங்கள், வெயிலோடு போராடும் செடியை நடாதீர்கள். தக்காளி மே மாதத்தில் பூக்கும், ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்துவிடும். செவ்வந்தி குளிர்காலச் செடி. கடையில் பூத்து நிற்கிறது என்பதற்காக வாங்காதீர்கள்.

முதலில் கீரை. சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் சூட்டில் நன்றாக வளரும். எட்டு அங்குல ஆழம் போதும். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் போட்டு, பூவாளியால் தெளியுங்கள். சிறுகீரை இருபத்தைந்து முப்பது நாளில் பறிப்புக்கு வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் தருவது வேறெதுவும் இல்லை. இரண்டாவது, வெண்டை. இரவு ஊறவைத்து ஒரு தொட்டிக்கு இரண்டு விதை போடுங்கள், முளைத்ததும் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளுங்கள். நாற்பத்தைந்து நாள் வாக்கில் காய் வரும். கொத்தவரை இன்னும் வறட்சி தாங்கும். கொடிப்பசலையைக் கம்பியில் ஏற்றிவிட்டால் நிழலும் கிடைக்கும். புதினாவைப் பாதிநிழலில் வையுங்கள்.

பூவுக்கு மல்லிகை, இட்லிப்பூ, நித்தியகல்யாணி, செம்பருத்தி, சங்குப்பூ. மல்லிகைக்குக் கோடைதான் பருவம். நவம்பர் கடைசியில் கவாத்து செய்தால் மார்ச்சிலிருந்து பூத்துக் குலுங்கும். இப்போது வாங்குபவர்கள் இந்த வருஷம் பூவைப் பறித்துக்கொண்டு, கார்த்திகையில் வெட்டிவிட நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இட்லிப்பூவும் செம்பருத்தியும் தேன்சிட்டை வரவழைக்கும். பத்துமணிப்பூவை உடைந்த சட்டியில்கூட வளர்க்கலாம். நல்ல வெயிலேறிய பிறகுதான் அது விரியும்.

கறிவேப்பிலை இரண்டு வையுங்கள். இரண்டு ஏன் என்பதைப் புழுக்களைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்றுவது

காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். ஆள்காட்டி விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். மே மாதத்தில் பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் வரை பிடிக்கிறது. அடித்துளையில் கசியும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். மதியம் இலை தொங்கினால் பதறி ஊற்றாதீர்கள். மாலையில் தானாக நிமிர்ந்தால் அதற்குத் தண்ணீர்க்குறை இல்லை. மாலையும் தொங்கினால் மட்டும் ஊற்றுங்கள்.

மண் வெளியே தெரியக்கூடாது. வைக்கோல், நிலக்கடலைத் தொலி, காய்ந்த வேப்பிலை எதையாவது இரண்டு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். கொழிஞ்சியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதன் தழையை விதை முற்றும் முன் அறுத்துவந்து நறுக்கிப் போட்டால் மூடாக்கும் ஆச்சு, மக்கியதும் உரமும் ஆச்சு.

இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தால் கலயம் இருக்கிறது. பதனி இறக்கும் மண்கலயத்தைப் பெரிய தொட்டியின் நடுவில் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடிவிடுங்கள். மண் காயக் காயக் கலயத்தின் சுவர் வழியாக ஈரம் கசியும். வர்ணம் பூசாத, வழவழப்பு ஏற்றாத கலயமாக இருக்க வேண்டும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். கோடை மழை பெய்யும்போது தொட்டிகளைத் திறந்தவெளியில் வைத்து நன்றாக நனையவிடுங்கள், உப்பு இறங்கும்.

புழுவைப் பார்த்ததும் மருந்தைத் தேடாதீர்கள்

கறிவேப்பிலையில் ஒருநாள் குருவி எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் நகரும். அது எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. பறவைகள் எச்சம் என்று நினைத்து விட்டுவிடட்டும் என்று அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் இரண்டு கொம்பு நீட்டிக் காரமான ஒரு வாடையை விடும். ஆபத்தில்லை, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இரண்டு வாரம் தின்னும், அப்புறம் குச்சியில் கூட்டுப்புழுவாகத் தொங்கும், மேலும் பத்து நாள் வாக்கில் பட்டாம்பூச்சி வெளிவரும். லீவில் வந்த பிள்ளைகள் முட்டையிலிருந்து சிறகு வரை முழுவதையும் ஒரே செடியில் பார்த்துவிடலாம்.

இரண்டு கறிவேப்பிலை வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. சமையல் செடியில் புழு தெரிந்தால் இலையோடு எடுத்து அடுத்த செடியில் விடுங்கள். பட்டாம்பூச்சிக்கு ஆசைப்பட்டுப் பூச்செடி மட்டும் வைப்பவர்கள் நிறையப் பேர். பூ அதற்குச் சாப்பாடு, இலைதான் அதற்குப் பிள்ளை வளர்க்கும் வீடு.

உண்மையான தொல்லை மாவுப்பூச்சிதான். செம்பருத்தியிலும் கத்தரியிலும் வெள்ளைப் பஞ்சுபோல் அடையும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மோசமான கிளையை வெட்டுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக்கரைசலும் கலந்து, சூரியன் இறங்கிய பிறகு அந்தச் செடிக்கு மட்டும் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும், பூவில் அடித்தால் தேனீ சாகும்.

கூடுகள்

பறவைகளில் பலவற்றுக்குக் கோடைதான் குஞ்சு பொரிக்கும் காலம் என்பது புதியவர்களுக்குத் தெரிவதில்லை. விடியற்காலையில் கூவும் குயில் ஆண், கறுப்பு உடல், சிவப்புக் கண். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இலைக்குள் மறைந்திருக்கும். காக்காயின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும் என்பதால் காக்கைகள் குயிலைத் துரத்துவதைத் தினமும் பார்க்கலாம். நண்பகலில் செம்பைத் தட்டுவதுபோல் "டுக், டுக், டுக்" என்று நிறுத்தாமல் கேட்பது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் குருவி. பட்டுப்போன கிளையில் துளைபோட்டுக் கூடு வைக்கும். அதனால் ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் காய்ந்த கிளையை வெட்டாமல் விடுங்கள். ஓடைக்கரை மண்சுவரில் துளை தெரிந்தால் பச்சைப் பஞ்சுருட்டானின் கூடாக இருக்கலாம். பனையின் காய்ந்த ஓலைக்குள் பனை உழவாரன் இருக்கும்.

வெட்டவெளியில் நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தால், காலுக்கு அருகில் எங்கோ முட்டை இருக்கிறது என்று அர்த்தம். தரையில் சின்னக் கற்களுக்கு நடுவே நாலு முட்டை, கல்லின் நிறத்திலேயே இருக்கும். வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகும். தாயும் தந்தையும் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைப்பதைத் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தேன். அன்றிலிருந்து குளத்தங்கரைக்குப் போகும் பாதையையே மாற்றிக்கொண்டேன்.

தேன்சிட்டு வாசல் கொடியிலேயே, சிலந்திவலை சேர்த்துத் தைத்த பைபோல் கூடு தொங்கவிடும். கூடு கட்டி முடித்ததிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்தக் கொடியை நகர்த்தாதீர்கள், செல்போனை அருகில் கொண்டுபோய்ப் படம் எடுக்காதீர்கள். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்தால் கூட்டிலேயே எடுத்து வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சைப் பிடிக்கவே வேண்டாம், தாய் அருகில்தான் இருக்கும். கிளி, மைனா போன்ற நாட்டுப் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பாம்பு பற்றிக் கட்டாயம் தெரிய வேண்டியவை

தண்ணீர் இருந்தால் தேரை வரும், தேரை இருந்தால் பாம்பு வரும். பயப்பட வேண்டாம், கவனமாக இருங்கள். இருட்டியதும் டார்ச் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்காதீர்கள். தொட்டியைத் தூக்கும் முன் குச்சியால் தட்டுங்கள். விறகு, செங்கல் குவியலைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். கோடையில் வெளியே தரையில் பாய்விரித்துப் படுப்பது சுகம்தான், ஆனால் கட்டுவிரியன் இரவில் நடமாடும், கடித்தது பல நேரம் வலிக்கவே வலிக்காது. கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும்தான் நம் பக்கத்தில் அதிகம் உயிரெடுப்பவை. கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய்வைத்து உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் ஊருக்கு அருகில் அந்த மருந்து எங்கே இருக்கிறது என்பதை வந்த முதல் வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

முதல் மழை நாள்

கோடை மழை பெய்த அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். புற்றிலிருந்து ஈசல் புகைபோல் கிளம்பும். இரட்டைவால் குருவி, உழவாரன், காக்கை எல்லாம் கூடிவிடும். வாசல் விளக்கை அணைத்துவிட்டால் வீட்டுக்குள் வராது. மறுநாள் காலையில் ஈரமண்ணில் சிவப்பு வெல்வெட்டில் செய்ததுபோல் பட்டுப்பூச்சி ஊர்ந்தால் பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள். எட்டுக்கால் உயிர் அது, மழை முடிந்த சில நாளில் காணாமல் போய்விடும்.

அந்த வாரத்திலேயே தொட்டி மண்ணைக் கிளறி, ஒரு பிடி தொழுவுரம் போட்டு, ஈரத்தோடு மூடிவையுங்கள். மிளகாயும் கத்தரியும் இப்போது வேண்டாம். ஆனி கடைசியில் நாற்றங்கால் விட்டு, ஆடிப்பட்டத்தில் எடுத்து நடலாம். எங்கள் வீட்டில் ஆச்சி கொடுத்த நாட்டுக் கத்தரி விதை, சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து, அடுப்படிப் பரணில் இருக்கிறது.